ஒலிபரப்பும் இணையமும் பதிப்புரிமையும்

ஓரிடத்தில் பேசுவதை எண்ணற்ற மக்கள் ஒரே சமயத்தில் கேட்கச் செய்யும் கலை இந்தியாவில் வேரூன்றி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகின்றன. 1927ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பம்பாயில் ஒரு தனியார் நிறுவனத்தின் வானொலி நிலையம் திறக்கப்பெற்றது. 1936இல் ‘அகில இந்திய வானொலி’ என்னும் பெயர் ஏற்பட்டது. 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கி வைத்தது. 2024 மார்ச்சு இறுதியில் நாட்டின் இணையச் சந்தாக்கள் 95 கோடியைக் கடந்துவிட்டன எனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குகள் காட்டுகின்றன.

இவ்வரலாற்றை நோக்குவோர், வானொலிக்கு அடுத்து வந்த தொலைக்காட்சி எவ்வாறோ அவ்வாறே தொலைக்காட்சிக்கு அடுத்து வந்த இணையமும் எனக் கருதுதல் இயல்பு. ஆயினும் இவற்றிடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. வானலை ஒரு நிகழ்ச்சியை ஒருமுறை பரப்பிவிட்டு ஓய்கிறது. இணையமோ கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அந்நிகழ்ச்சியின் தனிப் பிரதி ஒன்றை எடுத்து அனுப்புகிறது. ஒலிபரப்பின் செலவிலும், படைப்பாளரின் வருவாயிலும், சட்டத்திலும் இன்று காணப்படும் மாறுதல்கள் பெரும்பாலும் இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே கிளைத்தவை. ஆசிரியரும் களப்பணியாளரும் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், நேற்றுவரை கேட்பவராக மட்டும் இருந்த அவர்கள் கைப்பேசி வந்தபின் வெளியிடுவோராகவும் ஆகிவிட்டனர்.

வானலையின் இயல்பு

100 கிலோவாட் ஆற்றலுடன் இயங்கும் மத்திய அலை ஒலிபரப்பு நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் எல்லைக்குள் ஒருவர் வானொலிப் பெட்டியைத் திறந்தாலும், பத்து லட்சம் பேர் திறந்தாலும், நிலையத்தின் மின்சாரச் செலவு ஒன்றே. பெட்டி தன்மீது விழும் அலையினின்று மிகச் சிறிய அளவு ஆற்றலைப் பெற்று ஒலியாக மாற்றுகிறது. கேட்டு முடிந்ததும் பெட்டியில் எதுவும் எஞ்சுவதில்லை. கேட்பவருக்கும், பெட்டியின் விலையையும் மின்கலத்தின் விலையையும் தவிர, மணிக்கு இவ்வளவு என்னும் செலவு கிடையாது.

இவ்வியல்பே வானொலியைக் கிராம முன்னேற்றத்திற்கு ஏற்ற கருவியாக்கிற்று. 1956இல் பூனா நிலையத்தின் வாயிலாக, ஏறத்தாழ 150 சிற்றூர்களில் பண்ணை வானொலி மன்றங்கள் சோதனையாக நடத்தப்பெற்றன. ஊரார் ஒன்றுகூடி நிகழ்ச்சியைக் கேட்பர், கேட்டபின் விவாதிப்பர், ஐயங்களை எழுதி நிலையத்திற்கு அனுப்புவர். 1960களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 என்னும் நெல் வகையைப் பற்றிய செய்தி வானொலி வழியே பரவியமையால், உழவர் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கினர். 1967 ஜனவரி 26ஆம் நாள் தில்லித் தொலைக்காட்சியில் ‘கிருஷி தர்ஷன்’ என்னும் வேளாண்மை நிகழ்ச்சி தொடங்கியது.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற துணைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை இவ்வரிசையில் தனிச் சிறப்புடையது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் துணைக்கோளின் உதவியால் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் நேரடியாக எட்டின. கம்பிவலையால் செய்த, சுமார் மூன்று மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாக்கள் ஊர்ப் பொதுவிடங்களில் நிறுவப்பெற்றன. 2,400 ஊர்களுக்குப் பதிலாக 24,000 ஊர்களில் அவ்வான்டெனாக்களை அமைத்திருந்தாலும் துணைக்கோளின் செலவு ஒரு சிறிதும் கூடியிராது. பரப்பும் முறைக்கே உரிய சிக்கனம் இது.

இணையத்தின் இயல்பு

இணையத்தில் நிகழ்ச்சி முதற்கண் எண்களாக மாற்றப்படுகிறது. பின்னர்ச் சில விநாடிகள் அளவான துண்டுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் உயர்ந்த தரம், நடுத்தரம், தாழ்ந்த தரம் எனப் பலவாறு சேமிக்கப்படுகிறது. பார்ப்பவரின் கைப்பேசி, தன் இணைப்பின் வேகத்தை அவ்வப்போது அளந்து, அதற்கேற்ற துண்டினைக் கேட்டுப் பெறுகிறது. இணைப்பு நலிந்த இடத்தில் படம் மங்குவதும், சிறிது நேரங்கழித்துத் தெளிவதும் இதனாலேயே ஆகும்.

ஒவ்வொரு கைப்பேசியும் தனித்தனியே கேட்பதால், ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே அனுப்ப வேண்டியுள்ளது. விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒருவருக்குச் செல்லும் ஒளிபரப்பை ஐந்து லட்சம் பேர் ஒரே வேளையில் காண்பார்களாயின், விநாடிக்கு ஐந்து லட்சம் மெகாபிட், அதாவது 500 ஜிகாபிட், அனுப்பும் திறன் வேண்டும். பார்ப்போர் இரட்டித்தால் தேவையும் இரட்டிக்கும். இச்சுமையை ஒரே இடத்திலிருந்து தாங்குதல் இயலாது. ஆதலின், பெரிய நிறுவனங்கள் நிகழ்ச்சியின் பிரதிகளை முன்கூட்டியே பல நகரங்களிலுள்ள கணினிகளில் நிறுத்தி வைக்கின்றன. பார்ப்பவர் எந்த ஊரில் உள்ளாரோ, அவ்வூருக்கு அண்மையிலுள்ள கணினியிலிருந்து அவருக்குப் பிரதி செல்கிறது.

செலவின் ஒரு பகுதி கேட்பவரையும் சாருகிறது. விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் படக்காட்சியைக் காண்பதற்கு ஏறத்தாழ 450 மெகாபைட் தரவு செலவாகும். அதே செய்தியை விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒலியாக மட்டும் கேட்டால் 29 மெகாபைட் போதும். படக்காட்சியின் செலவு ஒலியின் செலவைப் போல் ஏறத்தாழ பதினாறு மடங்கு ஆகிறது. விதை நேர்த்தியின் முறையைக் கண்ணால் காணவேண்டியது அவசியமாயின் படம் வேண்டும். சந்தை நிலவரத்தையோ, மழை அறிவிப்பையோ தெரிவிப்பதற்கு ஒலியே போதுமானது. இக்கணக்கைக் களப்பணியாளர் மறத்தலாகாது.

இணையத்தின் நன்மைகளும் சிறியன அல்ல. நிகழ்ச்சியை விரும்பிய நேரத்தில் கேட்கலாம். விளங்காத பகுதியைத் திரும்பவும் கேட்கலாம். கேட்பவர் உடனே வினா எழுப்பலாம். பண்ணை மன்றத்தின் ஐயங்கள் தபாலில் சென்ற காலம் போய், அவை நொடிப்பொழுதில் செல்கின்றன. ஒலிபரப்பு நிலையமோ உரிமமோ இல்லாதவரும் தம் கருத்தை உலகறியச் செய்யலாம். அரசு ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியும் இம்மாற்றத்தை ஏற்று, 2024 நவம்பரில் ‘வேவ்ஸ்’ என்னும் இணைய ஒளிபரப்புத் தளத்தைத் தொடங்கியது. ஆனால், புயலிலும் வெள்ளத்திலும் மின்சாரம் தடைப்பட்டுக் கைப்பேசிக் கோபுரங்கள் செயலற்றுப் போகும் வேளையில், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் வானொலி அலையைச் சிறு மின்கலப் பெட்டி ஏற்றுக்கொள்ளும். ஆதலின் இணையம் வந்துவிட்டமையால் வானொலி வேண்டாம் எனல் பொருந்தாது.

பிரதியும் சட்டமும்

இனி, இவ்வேறுபாடு சட்டத்தை எவ்வாறு தொடுகிறது என்பது ஆராயத்தக்கது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பெற்று, 1958 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. நூல், இசை, ஓவியம் முதலியவற்றின் ஆசிரியருக்கு அவர் வாழ்நாளிலும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் இவ்வுரிமை நீடிக்கும். ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்திற்கும் வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். ஒலிபரப்பு நிறுவனத்திற்கும் தன் ஒலிபரப்பின்மீது 25 ஆண்டுகளுக்குத் தனியுரிமை உண்டு. செய்தி, விஞ்ஞான உண்மை, செய்முறை ஆகியவற்றை எவரும் தம் உடைமை எனக் கொள்ள முடியாது. அவற்றை ஒருவர் எடுத்துரைத்த வடிவத்தையே சட்டம் காக்கிறது. நெற்பயிரில் குருத்துப்பூச்சியைத் தடுக்கும் முறையை எவரும் தம் சொற்களில் விளக்கலாம். பிறர் எழுதிய கட்டுரையையும், எடுத்த படத்தையும் அப்படியே வெளியிடுதல் வேறு.

அச்சு இயந்திரம் இருந்த காலத்தில் பிரதி எடுப்பதற்கு முதலீடு வேண்டும். ஆகவே பிரதி எடுப்போர் சிலரே. அவர்களைக் கண்டறிதலும் எளிது. வானொலியில் பாடல் ஒன்று ஒலித்தபோது கேட்பவரிடம் பிரதி உண்டாகவில்லை. இணையத்திலோ பார்ப்பதே பிரதி எடுப்பதாகிறது. அனுப்பும் கணினியில் ஒரு பிரதி, வழியிலுள்ள கணினிகளில் கணநேரப் பிரதிகள், கைப்பேசியில் ஒரு பிரதி என அவை பெருகுகின்றன. இவை யாவும் உரிமை மீறலாயின், இணையம் இயங்கவே இயலாது.

இச்சிக்கலைத் தீர்க்கும் பொருட்டு 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 52ஆம் பிரிவில் இரண்டு விலக்குகளைச் சேர்த்தது. மின்னணு முறையில் அனுப்பும் தொழில்நுட்பச் செயலில் இயல்பாக உண்டாகும் தற்காலிகப் பிரதி உரிமை மீறல் ஆகாது என்பது ஒன்று. படைப்புக்கு இணைப்போ அணுகலோ அளிக்கும்போது உண்டாகும் தற்காலிகச் சேமிப்பு பற்றியது மற்றொன்று. உரிமையாளர் வெளிப்படையாகத் தடுத்திராவிடின் அதுவும் மீறல் ஆகாது. ஆயினும், அவர் எழுத்து மூலம் முறையிட்டால், சேமிப்புக்குப் பொறுப்பானவர் 21 நாட்களுக்கு அந்த அணுகலை நிறுத்தி வைத்தல் வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வாராவிடில் அணுகலை மீண்டும் அளிக்கலாம்.

திருட்டுப் பிரதிகளின் நிலை வேறு. புதிய திரைப்படம் ஒன்றை முறையின்றி வெளியிடும் தளத்தை மூடச் செய்தால், அதன் பிரதி வேறொரு பெயரில் மறுநாளே தோன்றுகிறது. 2019இல் தில்லி உயர் நீதிமன்றம், இவ்வாறு பெயர் மாற்றித் தோன்றும் தளங்களையும் முன்னைய ஆணையிலேயே சேர்த்துத் தடுக்கும் வழியை வகுத்தது. 2023ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத் திருத்தம், உரிமையின்றித் திரைப்படத்தைப் பதிவு செய்தலுக்கும் பரப்புதலுக்கும் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. அபராதம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை உயரலாம்.

வானொலிக்கு ஒரு நெறி, இணையத்திற்கு மற்றொரு நெறி

2012ஆம் ஆண்டின் அத்திருத்தமே 31-டி என்னும் பிரிவையும் கொண்டு வந்தது. வானொலி நிலையம் ஒன்று இசைத்தட்டுகளை ஒலிபரப்ப விரும்பினால், ஒவ்வோர் உரிமையாளரிடமும் பேரம் பேச வேண்டுவதில்லை. முன்னறிவிப்புக் கொடுத்து, சட்டப்படி நிர்ணயிக்கப்படும் கட்டணத்தைச் செலுத்தினால் போதும். இவ்வசதி இணையத்திற்கும் உண்டா என்னும் வினா விரைவில் எழுந்தது. உண்டு என 2016இல் மத்திய அரசின் தொழிற்கொள்கைத் துறை ஒரு குறிப்பில் கருத்துரைத்தது. டிப்ஸ் நிறுவனத்திற்கும் விங்க் இசைச் சேவைக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில், 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. 31-டி பிரிவு வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே உரியது என்றது அத்தீர்ப்பு. அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2022 அக்டோபரில் அதனை உறுதி செய்தது.

இதன் பயனாக, ஒரே பாடல் அலைவழியே செல்லும்போது நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்திற்கும், இணையவழியே செல்லும்போது உரிமையாளர் ஒப்பும் விலைக்கும் உட்படுகிறது. கேட்பவர் தமக்கு வேண்டிய பாடலை வேண்டிய பொழுது கேட்பதும், கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்வதும் இசைத்தட்டை விலைக்கு வாங்குவதை ஒத்தவை. ஆகவே உரிமையாளர் தம் விலையைத் தாமே குறித்தல் நியாயம் என்பது ஒரு சாரார் வாதம். அவ்வாறாயின் பெரும் பொருள் படைத்த நிறுவனங்களே இணையத்தில் இசையளிக்க இயலும். சிறு நிலையங்களும் சமுதாய வானொலிகளும் பின்தங்கும் என்பது மற்றொரு சாரார் கவலை. இரு வாதங்களிலும் உண்மை உண்டு. தன் நிகழ்ச்சியை அலைவரிசையில் முறைப்படி ஒலிபரப்பும் சமுதாய வானொலி, அதே நிகழ்ச்சியை இணையத்தில் சேமித்து வைக்கும்போது, அதிலுள்ள இசைக்குத் தனி இசைவு பெற்றுள்ளதா எனக் காணுதல் கடமையாகிறது.

வகுப்பறையின் எல்லை

கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுத்தலைச் சட்டம் அனுமதிக்கிறது. இவ்வனுமதியின் அளவு தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ஒரு நகலெடுக்கும் கடையைப் பற்றிய வழக்கில் சோதிக்கப்பெற்றது. பாடத்திட்டத்திற்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துத் தொகுப்பாக அளித்தமைக்கு எதிராக வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2016இல் தில்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலுக்குத் தேவையான அளவில் நகலெடுத்தல் மீறல் அன்று எனக் கொண்டது. கற்பித்தல் என்பது வகுப்பில் பேசும் நேரத்தோடு முடிவதன்று என்பதும் அத்தீர்ப்பால் விளங்கிற்று.

ஆயினும் அவ்வழக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்க்கு அளித்த தாள்களைப் பற்றியது. ஆசிரியர் ஒருவர் நூலிலிருந்து ஒரு படத்தைக் கரும்பலகைக்கு அருகில் காட்டிப் பாடம் நடத்துவது விலக்கினுள் அடங்கும். அதே பாடத்தைப் பதிவு செய்து தம் மாணவர்க்கு மட்டும் அனுப்புவதும் கற்பித்தலின் பகுதி எனக் கூறலாம். அப்பதிவை எவரும் காணும் வண்ணம் பொதுத் தளத்தில் வெளியிட்டால், அவர் ஆசிரியர் என்னும் நிலையைக் கடந்து ஒலிபரப்பாளர் ஆகிறார். அந்நிலையில் படத்திற்கும் பின்னணி இசைக்கும் இசைவு பெறுதலே பாதுகாப்பானது.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. ஊதியப் பணியின் பகுதியாக ஒருவர் ஆக்கிய படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிடில், பணியளித்தவரே முதல் உரிமையாளர். அரசின் பொருட்டு ஆக்கப்பெற்றவற்றிற்கு அரசே உரிமையாளர். ஆகவே கடமை நேரத்தில், துறையின் பணியாக எடுத்த படக்காட்சியைத் தம் சொந்தத் தளத்தில் வெளியிட்டு விளம்பர வருவாய் பெற விரும்பும் பணியாளர், முன்னதாகத் தம் துறையின் விதிகளை அறிதல் நன்று.

இயந்திரக் காவலும் அதன் குறையும்

பெரிய தளங்களில் ஒவ்வொரு நிமிடமும் குவியும் பதிவுகளை மனிதர் பார்த்துச் சோதித்தல் இயலாது. யூடியூப் நிறுவனம் 2007இல் இதற்கென ஓர் இயந்திர முறையைத் தொடங்கியது. உரிமையாளர் தம் பாடலையோ படத்தையோ முதலில் ஒப்படைப்பர். கணினி அதன் ஒலி, ஒளி அமைப்பினின்று கைரேகை போன்றதோர் அடையாளத்தை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். புதிதாக வரும் ஒவ்வொரு பதிவும் அவ்வடையாளங்களோடு ஒப்பிடப்படும். ஒத்திருப்பின், பதிவு தடுக்கப்படலாம். அல்லது அதன் விளம்பர வருவாய் உரிமையாளரைச் சேரலாம்.

இம்முறை ஒப்புமையைக் கண்டுபிடிக்க வல்லது. நோக்கத்தை அறிய வல்லதன்று. பாடல் ஒன்றின் இரண்டு வரிகளை இலக்கணம் கற்பிக்கும் பொருட்டு எடுத்துக்காட்டிய ஆசிரியரையும், அப்பாடலை முழுதும் திருடியவரையும் அது ஒன்றாகவே காணும். பள்ளி ஆண்டு விழாவைப் பதிவு செய்தபோது ஒலிபெருக்கியில் ஓடிய திரையிசை, முழுப் பதிவையும் சிக்கலுக்கு உள்ளாக்கலாம். இவ்வாறு நேர்ந்தால், தளத்திலேயே மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. எந்தப் பகுதி எதற்காகப் பயன்பட்டது என்பதைச் சுருக்கமாகவும் மரியாதையுடனும் எழுதி மறுத்தல் ஆசிரியரின் உரிமை. ஆனால், பின்னணிக்கு இசையே தேவையில்லாத பாடங்களில் அதனைச் சேர்க்காமல் இருத்தல் அதனினும் எளிது.

திறந்த உரிமம்

படைப்பைப் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுக்கும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. பாரதியாரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் திரைப்பட நிறுவனம் ஒன்றிடம் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியாரின் படைப்புகளின் உரிமையை ஏற்று, பின்னர் அவற்றை மக்கள் அனைவருக்கும் உரியனவாக்கிற்று. அதன்பின் எந்தப் பள்ளியும் எந்த நிலையமும் அவற்றைத் தடையின்றி ஒலிக்கச் செய்ய முடிந்தது.

இணையக் காலத்தில் இதற்கு அரசின் ஆணை இன்றியும் வழி பிறந்துள்ளது. ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் அமைப்பு 2002இல் வெளியிட்ட உரிமங்களின்படி, ஆசிரியர் தம் உரிமையைத் தாமே வைத்துக்கொண்டு, பிறர் பிரதி எடுப்பதற்கு முன்கூட்டியே இசைவு தருகிறார். அதற்கு நான்கு நிபந்தனைகளில் வேண்டியவற்றைச் சேர்க்கலாம்: படைத்தவர் பெயரைக் குறிப்பிடுதல், வணிகத்திற்குப் பயன்படுத்தாமை, வடிவத்தை மாற்றாமை, மாற்றினால் அதே உரிமத்துடன் வெளியிடுதல். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு 2013இல் தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம் இவ்வகை உரிமத்தைத் தழுவியது. 2017 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற ‘தீக்‌ஷா’ தளத்தின் வாயிலாக, பாடநூலில் அச்சிட்ட சதுரக் குறியீட்டைக் கைப்பேசியால் படம் பிடித்து, உரிய பாடக் காட்சியை மாணவர் காணலாம்.

இலவசமாகக் கிடைப்பது யாவும் திறந்த உரிமம் உடையது எனக் கொள்ளுதல் பிழை. கட்டணமின்றிக் காணலாம் என்பது ஒன்று. பிரதி எடுத்துப் பிறர்க்கு அளிக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு உரிமையாளரின் சொல் வேண்டும்.

களத்தில் கைக்கொள்ள வேண்டியவை

மேற்கூறியவற்றினின்று சில நடைமுறைகள் தெளிவாகின்றன. ஊருக்குக் காட்டவேண்டிய பாடக் காட்சியைப் பலரும் தத்தம் கைப்பேசியில் இறக்குவதற்குப் பதிலாக, பணியாளர் ஒருமுறை இறக்கி, பஞ்சாயத்துக் கட்டடத்தில் யாவரும் கூடிக் காணச் செய்யலாம். தரவுச் செலவு ஒருவருடையதாக முடியும். கைப்பேசி இல்லாத பெண்களும் முதியோரும் காண்பர். கண்டபின் விவாதம் நிகழும். பண்ணை வானொலி மன்றத்தின் முறை இணையக் காலத்திற்கும் பொருந்துவதே. அவ்வாறு இறக்கிக் காட்டுவதற்கு, அரசுத் துறைகள் பரப்புதற்கென்றே வெளியிட்ட காட்சிகளையும் திறந்த உரிமம் உடையவற்றையும் தேர்தல் வேண்டும்.

பிறர் அனுப்பிய காட்சியை மேலும் அனுப்புமுன், அதனை ஆக்கியவர் யார், எந்த ஆண்டில் ஆக்கப்பட்டது, எந்த வட்டாரத்திற்கு உரியது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும். பெயரும் தேதியும் நீக்கப்பட்ட பிரதி உரிமையாளருக்குத் தீங்கு செய்வதோடு உழவருக்கும் தீங்கு செய்யும். பஞ்சாபின் கோதுமைக்குச் சொன்ன மருந்தளவு, மூலத்தை இழந்து, வேறோர் ஊரில் வேறொரு பயிருக்குத் தெளிக்கப்படும் இடர் உண்டு. இவ்வகையில் படைத்தவர் பெயரைப் போற்றுதலும் செய்தியின் நம்பகத்தைக் காத்தலும் ஒரே செயலாகின்றன.

இதற்கு எளிய கருவி ஒரு பதிவேடு. பள்ளியிலோ வட்டார அலுவலகத்திலோ பயன்படும் ஒவ்வோர் ஒலி, ஒளிப் பதிவுக்கும் அதன் பெயர், ஆக்கியவர், பெற்ற இடம், உரிமத்தின் வகை, பயன்படுத்திய நாள் ஆகிய ஐந்தையும் அதில் குறித்து வரலாம். ஆசிரியர் தாமே ஆக்கும் பாடத்தின் முடிவிலும் உரிமத்தை ஒரு வரியில் அறிவித்துவிட்டால், அடுத்த மாவட்டத்து ஆசிரியர் இசைவு கேட்டு எழுதிக் காத்திருக்க வேண்டுவதில்லை. பதிவேட்டின் பக்கத்திலேயே, வட்டார வானொலி நிலையத்தின் அலைவரிசையையும் வேளாண்மை நிகழ்ச்சியின் நேரத்தையும் எழுதி வைத்தல் நலம். இணைப்பு அறுந்த நாளில் அவ்வரியே முதலில் தேவைப்படும்.